வெள்ளிக்கிழமைத் தண்ணி

கேட்டைச் சாத்திட்டு வாங்க தம்பி, இல்லீன்னா ஆடு உள்ள பூந்து கருவேப்பிலைச் செடியை மேஞ்சு போடும். நீங்கதானே ஈரோட்டுல பழைய வண்டி வாங்கி விக்கறவரு? போன்ல பேசுனது நாந்தானுங்க, சரசாத்தா. ஊட்டுல ஆம்பளைங்க யாருமில்லை. வண்டிக்குச் சொந்தக்காரரு போய்ச் சேந்து ஏழு மாசம் ஆகப் போகுது. அதா, அதுதான் வண்டி. எட்ட நின்னு பார்த்தா எப்படி, கிட்டப் போய்த் தொட்டுப் பாருங்க, கடிக்காது. மனுசரைக் கடிச்சு முடிச்சுப்போட்டுத்தான் ஓஞ்சு நிக்குது.

வெலையை நீங்களே பார்த்துச் சொல்லுங்க. நான் பேரம் பேசற ஆளில்லை. எனக்கு இந்த வண்டி தீபாவளிக்கு முன்னாடி இந்த வாசலை உட்டுப் போகோணும், அவ்வளவுதான். எம்பொண்ணு தாரணி மெட்ராஸ்ல வேலையில இருக்கறா. ஒரே பொண்ணு. அந்த வண்டி அங்க நிக்கற வரைக்கும் நான் வாசப்படி மிதிக்கமாட்டேன்னு சொல்லிப்போட்டா. சொன்னா சொன்னதுதான், அப்பனுக்கு மேல புடிவாதம். அப்பன் செத்ததுக்கு வந்தவ, மூணாம் நாள் காரியம் முடிஞ்ச கையோட பையைத் தூக்கிட்டா. இன்னைக்கு நீங்க வர்றீங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன். வண்டி போச்சான்னு கேக்க மத்தியானம் போன் பண்ணுவா.

மூக்கைச் சுளிக்கறீங்க. வாடைதான், இல்லைன்னு சொல்லமாட்டேன். கம்பளி நனைஞ்சு காஞ்ச வாடை. மேல ஈரமா இருக்குதேன்னு பார்க்காதீங்க, மழையெல்லாம் இல்லை. இன்னைக்கு வெள்ளிக்கிழமை இல்லீங்களா, காலையில மஞ்சத்தண்ணி ஊத்தினேன். நீங்க நல்ல காரியமா வர்றீங்க, தட்டாம முடியோணும்னு வழக்கமா ஊத்தற குடத்துக்கு மேல இன்னொரு குடம் சேர்த்து ஊத்தியிருக்கேன். எந்தம்பி பொண்டாட்டி, இதெல்லாம் நீங்க இனிமேல் செய்யலாமா அண்ணின்னு கேக்கறா. எனக்குத்தானே பொட்டும் பூவும் வேண்டாம்னாங்க, வண்டிக்குமா வேண்டாம்?

இல்லீங்க, ஸ்டார்ட் ஆகாது. அவரு போனதுல இருந்தே ஆகலை. சாவி இந்தாங்க, நீங்க வேணும்னா பாருங்க. முன்னாடி ஒரு சீட்டைக் காணோமா? அது ஊட்டுக்குள்ள ஹால்ல கெடக்குது. அது ஒரு கதை. ரொம்பப் பெரிய வண்டியாச்சே, இப்படி ஆயிப்போச்சேன்னு உச்சுக் கொட்டறீங்க. நீங்க கேக்காட்டியும் சொல்றேன், வாங்கற பொருளோட சங்கதி தெரிஞ்சு வாங்கிட்டுப் போறதுதான் உங்களுக்கும் நல்லது. நீங்க பாட்டுக்குப் பாருங்க, நான் பாட்டுக்குப் பேசறேன்.

எங்கூட்டுக்காரரு பேரு தெய்வசிகாமணி. மஞ்சள் மண்டி வெச்சிருந்தவரு. சர்க்கரை ஏறி, கால் மரத்துப் போய், மண்டியை அவரு தம்பிகிட்டக் குடுத்துப்போட்டு ஊட்டுல உக்காந்தாரு. மண்டியில நின்ன ஆம்பளை ஊட்டுல உக்காந்தா என்ன ஆவாருன்னு உங்களுக்குத் தெரியாது, சின்ன வயசு. என்ற பின்னாடியே அடுப்படிக்கு வந்து தாளிப்புக்குக் கடுகு பத்தாதும்பாரு. அப்பத்தான் கோயமுத்தூர்ல ஒரு மில்லுக்காரரு இந்த வண்டியைத் தள்ளி உடறாருன்னு யாரோ சொல்ல, போய் ஓட்டிட்டு வந்துட்டாரு. கப்பலாட்டம் வந்து நின்னுச்சு. மேல கூரையில கண்ணாடி, பொத்தானை அமுக்குனா அதுவே தொறக்குது. அவரு மூஞ்சியில அன்னைக்கு இருந்த சிரிப்பை எங்க கல்யாணத்துலகூட நான் பார்க்கலை.

வந்த அன்னைக்கே கெரகம் கூடவே வந்துருச்சுங்க. சித்தோடு பக்கத்துல ஒரு லாரிக்காரன் குறுக்க உட்டு, மயிரிழையில தப்பிச்சிருக்காரு. எங்கிட்டச் சொல்லவே இல்லை, கூட வந்தவன் சொல்லித்தான் தெரியும். அடுத்த நாளே ஜாதகத்தைத் தூக்கிட்டு ஓடினேன். ஜோசியர் பார்த்ததும் பொட்டுன்னு சொன்னாரு, வாகனத்துல கண்டம் இருக்குதும்மா, சனி பார்வை இருக்குதுன்னு. அங்கிருந்து நேரா பண்ணாரி அம்மன் கோயிலுக்குப் போய் ஆத்தா முன்னாடி நின்னு நேர்ந்துகிட்டேன், இந்த மனுசன் இந்த வண்டி ஓட்டற வரைக்கும் வெள்ளி தவறாம வண்டிக்கு மஞ்சத்தண்ணி ஊத்தி அரளிப்பூ வெக்கறேன், உசிரை மட்டும் காப்பாத்திக் குடு தாயேன்னு.

தவறவே இல்லைங்க. காய்ச்சல்னு படுத்தாலும் எந்திரிச்சு ஊத்தியிருக்கேன். முக்காலி போட்டு ஏறி, கூரையில ஒரு குடம். மண்டிக்காரன் ஊட்டுல மஞ்சளுக்கு என்ன பஞ்சம், கொழகொழன்னு கரைச்சு ஊத்துவேன். அந்தக் கண்ணாடியைச் சுத்திச் சந்து ஓடுது பாருங்க, அதுல செவ்வரளியை வரிசையா சொருகிட்டே வருவேன். சந்தனம், குங்குமம் எல்லாம் உண்டு. பார்க்கறதுக்கு அம்மன் தேராட்டம் இருக்கும்.

அந்தச் சனிக்குத்தான் பொறுக்கலை போல. வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சா சனிக்கிழமை காலையில வண்டி மக்கர் பண்ணும். தப்பாம சனிக்கிழமை. கேக்கறதுக்கே உங்களுக்குச் சில்லுங்குதில்ல? சாவி போட்டா தும்மாது. சில நாள் சாவியே போடாம அதுபாட்டுக்கு ஆரன் அடிக்கும், மழையில்லாம கண்ணாடி தொடைக்கும், கதவு தானாப் பூட்டிக்கும். தெருவே வந்து வேடிக்கை பார்க்கும். கம்பெனிக்குக் கொண்டு போனாரு. உள்ள ஒயரெல்லாம் மாத்தோணும், அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியை மாத்தோணும்னு அவங்க சொன்ன கணக்குக்கு இன்னொரு வண்டியே வாங்கிப்போடலாம். ரோசத்தோட திரும்பி வந்தாரு. மண்டியில மூட்டையை மோந்து பார்த்தே பூச்சி இருக்குதா இல்லையான்னு சொல்றவன் நான், இதைக் கண்டுபுடிக்கமாட்டனான்னு போர்டிகோவுல உக்காந்தவருதான்.

அதுக்கப்புறம் எங்கூட்டு லட்சணத்தைக் கேளுங்க. என்னமோ ஒரு மிசினைத் தருவிச்சாரு, ஸ்டீரிங்குக்கு அடியில சொருகுனா அதுல நம்பரு நம்பரா வரும். அதைப் பார்த்துப் பார்த்துப் போன்ல வீடியோ பார்ப்பாரு. இங்கிலீசு தெரியாத மனுசன், அப்ப ஊட்டுல இருந்த தாரணியை உக்காத்தி வெச்சு ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் கேப்பாரு. பேட்டரி மாத்தினாரு. ஃபியூஸ் அத்தனையும் மாத்தினாரு. எதுக்கும் கேக்கலை. சீட்டைக் கழட்டி, அடியில கம்பளியை உரிச்சுப் பார்த்தா, கீழ குளமாட்டம் தண்ணி. கம்ப்யூட்டர் பெட்டி அதுல ஊறிக் கெடக்குது. ஏசித் தண்ணி ஒழுகுதுன்னு அதைப் பிரிச்சாரு. கதவு ரப்பர்னு அதை மாத்தினாரு. அந்தப் பெட்டியை நான் வடகம் காயப்போடற மொறத்துல வெச்சு மொட்டை மாடியில காயப் போட்டாரு. பொண்ணோட தலை காய வெக்கற மிசினைப் புடுங்கி அதுக்குக் காட்டினாரு. அரிசிக்குள்ள வெச்சா ஈரத்தை இழுக்கும்னு எவனோ சொன்னான்னு அரிசி டின்னுக்குள்ள பொதைச்சு வெச்சாரு. சோறு ஆக்கினா ஆயில் வாடை. அந்தச் சீட்டு ஹாலுக்கு வந்துருச்சு. அதுல சாஞ்சு உக்காந்து டிவி பார்ப்பாரு, மகாராசா கணக்கா.

நான் சும்மா இருப்பனா? திட்டித் தீர்த்தேன். உங்களுக்கு எதுக்கு இந்தப் பொழப்பு, தெரிஞ்சவங்ககிட்டக் குடுங்க, இல்லைன்னா வித்துத் தொலைங்கன்னு. ஒறம்பரை வந்தா அவங்க முன்னாடியும்தான். எங்கூட்டு மெக்கானிக்கு வர்றாருன்னு சொல்லுவேன், எல்லாரும் சிரிப்பாங்க. அவரும் சிரிச்சுக்குவாரு. என்னால ஆனது, சனியோட பிடி தளரட்டும்னு பூசையைக் கூட்டினேன். பூவை இன்னும் நெருக்கமா வெச்சேன்.

ஒரு சனிக்கிழமை, எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது, அடுப்படி வாசல்ல வந்து நின்னாரு. வலது கையைப் பொத்தி வெச்சிருந்தாரு, விரல் சந்துல கறுப்பாச் சேறு வழியுது. தரையில சிந்தாதீங்கன்னேன். "சரசு, இந்தப் பூசையெல்லாம் எதுக்காகப் பண்றே?"ன்னு கேட்டாரு. எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு. "எதுக்காகவா? உங்க உசுருக்காகத்தான். நீங்க காலையில போய்ப் பொழுதோட முழுசாத் திரும்பி வரோணும்னுதான். வேற யாருக்காக?"ன்னேன். சொல்றப்பவே அழுகை வந்துருச்சு எனக்கு. அவரு வாயைத் தொறந்தாரு, மூடிகிட்டாரு. சரி சரசுன்னு சொல்லிப்போட்டுப் கொல்லைப் பக்கம் பொடக்காளிக்குப் போய்க் கையைக் கழுவிட்டாரு. என்னமோ கேக்க வந்தவரு கேட்டுட்டுப் போயிட்டாருன்னு நான் பருப்பைக் கடைஞ்சுட்டேன்.

அந்த வாரம்தான் எங்கூட்டுல ஒரு தூக்குப்போசி காணாமப் போச்சு. கைப்பிடி வெச்ச எவர்சில்வர் போசி, எங்கம்மா ஊட்டுச் சீர்ல வந்தது, அடியில எம்பேரு வெட்டியிருக்கும். ஊடெல்லாம் தேடினேன். ஊட்டு வேலைக்கு மாராத்தான்னு ஒருத்தி வந்துட்டு இருந்தா, அவ மேலதான் சந்தேகம். எடுக்கலைன்னு அம்மன் மேல சத்தியம் பண்ணினா. திருடறவ சத்தியம் பண்ணமாட்டாளான்னு வேலைக்கு வர வேண்டாம்னுட்டேன். எங்கூட்டுக்காரரு கெடந்து தவிச்சாரு, போசிதானே போகட்டும் உடு, அவளை ஏன் நிறுத்தறேன்னு. அவருக்கு எல்லார் மேலயும் எரக்கம்தான். அவளுக்கு மண்டியில தம்பிகிட்டச் சொல்லி மஞ்சள் பொடைக்கற வேலை வாங்கிக் குடுத்தாருன்னு அப்புறம் தெரிஞ்சுது. அதுக்கும் ஒரு சண்டை போட்டேன்.

ஆனா ஒண்ணுங்க தம்பி, அதுக்கப்புறம் வண்டி சொன்ன பேச்சுக் கேட்டுச்சு. ஆத்தா மனசு எறங்கிட்டா. சனிக்கிழமை விடிய எந்திரிச்சு வண்டிகிட்ட என்னமோ நோண்டுவாரு. துண்டைப் போட்டு மூடி எதையோ தூக்கிட்டுக் கருவேப்பிலைச் செடிகிட்டப் போவாரு, கழிவு ஆயிலுன்னு நெனைச்சுக்குவேன். செடியில ஊத்தாதீங்க, கருகிப் போகும்னு சத்தம் போடுவேன். கருகலை, பாருங்க, எப்படி மதமதன்னு நிக்குதுன்னு. வண்டி சாவி போட்டா ஒரே தட்டுல எடுக்கும். பார்த்தீங்களா என்ற பூசையைன்னு நான் சொன்னா, ஆமா சரசு, உன் பூசைதான்னு சிரிச்சுக்குவாரு.

அந்தத் தைரியத்துலதான் தாரணி நிச்சயத்துக்கு அந்த வண்டியை எடுத்தாரு. நல்ல எடம். பையன் பெரிய வேலை, அவளுக்கும் புடிச்சிருந்துச்சு, ரெண்டு பேரும் போன்ல பேசிக்குவாங்க, அவ மொகத்துல ஒரு களை வந்திருந்துச்சு. ஞாயித்துக்கிழமை பெருந்துறை மண்டபத்துல நிச்சயம். பையனோட அப்பா, அம்மா, பெரியப்பா எல்லாம் ஈரோட்டுக்கு ரயில்ல வந்து எறங்கறாங்க. டாக்சி அனுப்பலாம்னு எந்தம்பி சொன்னான். சம்பந்தி ஊட்டாரை நானே போய் என்ற வண்டியில கூட்டிட்டு வர்றதுதான் மரியாதைன்னுட்டாரு.

மொத நாள் சனிக்கிழமை சாயங்காலம், நான் குடத்தைக் கையில எடுக்கறப்பவே பார்த்துட்டாரு. நேத்துத்தான் ஊத்தியாச்சே சரசு, இன்னைக்கு வேண்டாம்னாரு. நல்ல காரியத்துக்கு முந்தின நாளுங்க, ஊத்தாம எப்படின்னேன். "இந்த ஒரு தடவை எம்பேச்சைக் கேளு. உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன்"னு நெசமாவே கும்பிட்டாரு. எனக்குச் சாமி விசயத்துல குறுக்க பேசினா ஆகாது. சரின்னு தலையாட்டிட்டு, பூ மாலை வாங்க அவரு அந்தப் பக்கம் போனதும் முக்காலியைப் போட்டேன். ரெண்டு குடம் ஊத்தினேன். எம்பொண்ணு வாழ்க்கையாச்சே. அவரு வர்றதுக்குள்ள துணியை வெச்சுத் தொடைச்சும் போட்டேன்.

மறுநாள் ஸ்டேசன்ல இருந்து அவங்களை ஏத்திட்டு வர்றப்ப, உச்சி வெயில், மண்டபத்துக்கு இன்னும் சித்தெ தூரந்தான், நடு ரோட்டுல வண்டி நின்னு போச்சு. ஆரன் அடிக்க ஆரம்பிச்சது நிக்கலை. கதவு அத்தனையும் பூட்டிகிச்சு. இவரு எப்படியோ முன்பக்கமா வெளிய வந்துட்டாரு. பின்னாடி உக்காந்த மூணு பேரும் உள்ள மாட்டிகிட்டாங்க. கண்ணாடி எறங்கலை, ஏசி இல்லை. பையனோட பெரியப்பா வயசானவரு, மூச்சுக்குத் தவிக்கிறாரு. இவரு வெறுங்கையில கண்ணாடியை அடிச்சு அடிச்சுக் கையெல்லாம் ரத்தம். அப்புறம் ரோட்டுல போன யாரோ கல்லெடுத்து ஒடைச்சு அவங்களை வெளிய இழுத்தாங்க. பெரியப்பாவை ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. உசுருக்கு ஒண்ணும் ஆகலை, ஆத்தா புண்ணியம். ஆனா நல்ல நேரம் தாண்டிருச்சு. மண்டபத்துல எம்பொண்ணு பட்டுச்சேலை கட்டித் தனியா உக்காந்திருக்கறா.

ஆஸ்பத்திரியில இவரு கையில கட்டுப் போடறப்ப எங்கிட்டக் கேட்ட ஒரே கேள்வி, "நேத்துத் தண்ணி ஊத்துனியா?" ஊத்தினேன், அதனாலதான் இன்னைக்கு எல்லாரும் உசுரோட இருக்கறீங்கன்னு சொன்னேன்.

சம்பந்தி ஊட்டாரு அன்னைக்கே சொல்லிட்டாங்க, சகுனம் சரியில்லை, வேண்டாம்னு. ஓட்டை வண்டியில ஏத்திக் கொல்லப் பார்த்த மனுசன் ஊட்டுல பொண்ணு எடுக்கறதான்னு அந்தம்மா கேட்டாங்க. எந்தம்பி கை ஓங்காத குறையா இவரைக் கேட்டான், தெரியாத வேலையை ஏன் மாமா பண்றீங்கன்னு. நானும் சேர்ந்துதான் கேட்டேன். எல்லாரும் சுத்தி நிக்கறோம். "நான் பண்ணின வேலைதான். என் வேலை சரியில்லை. வேற யார் மேலயும் தப்பில்லை"ன்னாரு. தாரணி அவரு கிட்ட வந்து நின்னு, உங்க பெருமைக்கு நான்தான் கெடைச்சனாப்பான்னு கேட்டா. அன்னைக்கு அவரைப் பார்த்து அப்பான்னு கூப்பிட்டதுதான், அப்புறம் கூப்பிடலை. மெட்ராசுக்குப் போனவ, வண்டியை வித்தாத்தான் பேசுவேன்னுட்டா.

வித்திருக்கலாமில்ல? பொண்ணை உட வண்டியா பெருசு? எத்தனை தடவை சொன்னேன், கெஞ்சினேன், சோறு போடாம இருந்தேன். ஒரே பதில்தான். "வித்தா வாங்கறவன் பிரிச்சுப் பார்ப்பான், சரசு." பார்க்கட்டுமே, உங்க மெக்கானிக் வேலை ஊருக்குத் தெரியட்டுமேன்னேன். இருக்கற வெக்கத்துல இதென்ன புது வெக்கம்னு எனக்கு ஆத்திரம். ஒடைஞ்ச கண்ணாடியை மட்டும் மாத்திட்டு வண்டியை அங்க நிறுத்தினாரு. எங்கயும் ஓட்டிட்டுப் போகலை. ஆனா சனிக்கிழமை விடிஞ்சா வண்டிகிட்டப் போறதை மட்டும் உடலை.

பங்குனியில ஒரு மத்தியானம் சாப்பிட்டுட்டு ஹால்ல அந்தச் சீட்டுல சாஞ்சாரு. போன் மடியில இருந்துச்சு. தாரணி பேசுவான்னு எப்பவும் மடியிலயே வெச்சிருப்பாரு. காப்பி கொண்டு போய் எழுப்பறேன், எந்திரிக்கலை. கண்டம் வண்டியிலன்னாங்க, அந்தச் சீட்டுல வந்து வாங்கிட்டுப் போச்சு. ஜோசியர் பொய் சொல்லலை பாருங்க. எம்பொண்ணுகூடக் கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை பேசாமப் போயிட்டாரு. எனக்கு வெசனம் ஒரு பக்கம் இருந்தாலும் அந்தக் கோவம் இன்னும் போகலைங்க தம்பி. பொண்ணை உட்டு வண்டியைக் கட்டிகிட்டு அழுதாரே, அந்தக் கோவம்.

என்னங்க, அதுக்குள்ள தலையை உட்டு என்ன இழுக்கறீங்க? மேல கண்ணாடி ஓரத்துல எதுக்குக் கம்பி உட்டுக் குத்தறீங்க? பேசிட்டே இருந்ததுல நான் கவனிக்கலை. கையில என்ன அது, சேறா? இப்படி வெளிச்சத்துல காட்டுங்க.

அரளிப்பூவாட்டம் இருக்குதே.

என்ன சொல்றீங்க? மெதுவாச் சொல்லுங்க தம்பி, எனக்குப் புரியோணும். கண்ணாடியைச் சுத்தி வாய்க்கால் ஓடுதா. மேல உழுகற தண்ணி அந்த வாய்க்கால்ல எறங்கி, இந்தத் தூணுக்குள்ள இருக்கற குழாய் வழியா வெளிய போகோணுமா. சரி. குழாய் முச்சூடும் பூவும் சந்தனமும் அடைச்சுக் கெடக்குதா. அப்ப ஊத்தற தண்ணி எங்க போகும்? உள்ளதானா? நேரா அந்தப் பெட்டி மேலயா?

இருங்க, அவசரப்படாதீங்க. அந்தக் கால் வெக்கற எடத்துப் பலகையை ஏன் கழட்டறீங்க? அது அவரு போட்டது, திருகாணி வேற மாதிரி இருக்குதுங்கறீங்களா. உள்ள என்ன இருக்குது? குழாயை அறுத்து உட்டிருக்குதா? எதுக்குள்ள உட்டிருக்குது?

அது என்ற போசி.

பார்க்கவே வேண்டாம், கைப்பிடியைப் பார்த்தாலே தெரியுது. அடியில எம்பேரு இருக்கும். விளிம்பு வரைக்கும் மஞ்சத்தண்ணி நிக்குது பாருங்க. வழிஞ்சு கம்பளியெல்லாம் நனைஞ்சிருக்குது. குழாய் அடைக்குதுன்னு அறுத்து இதுக்குள்ள உட்டிருக்கறாரு. பூவும் தண்ணியும் இதுல உழுகட்டும்னு. வெள்ளிக்கிழமை நான் ஊத்துவேன். சனிக்கிழமை விடிய எந்திரிச்சு அவரு இதை எடுத்துக் கொட்டுவாரு. செடிக்குத்தான் கொட்டியிருக்கறாரு. ஒரு குடம் ஊத்தினா இது தாங்கும். நிச்சயத்துக்கு மொத நாள் சாயங்காலம் ரெண்டு குடம் ஊத்தினேன். அவருக்குத் தெரியாம ஊத்தினேன். தெரிஞ்சிருந்தா ராத்திரியே கொட்டியிருப்பாரு.

மாராத்தா பாவம், அம்மன் மேல சத்தியம் பண்ணினா.

சின்ன விசயம்னு சொல்றீங்களா? குழாயைச் சுத்தம் பண்ணி, பெட்டியை மாத்தினா ஓடும், இப்பவே கட்டி இழுத்துட்டுப் போறேங்கறீங்க. ஆமா, உங்களுக்குச் சின்ன விசயந்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல இந்த மனுசன்? சரசு, உன் தண்ணிதான் இதுக்குக் காரணம்னு. அன்னைக்கு அடுப்படி வாசல்ல அதைச் சொல்லத்தானே வந்து நின்னாரு, கையில இந்தச் சேத்தைப் பொத்திகிட்டு. நான் அழுதுட்டேன், அவரு மூடிகிட்டாரு. வாங்கறவன் பிரிச்சுப் பார்ப்பான்னு சொன்னாரே. தன் வேலையைப் பார்ப்பாங்கன்னா சொன்னாரு? என்ற பூவைப் பார்ப்பாங்கன்னு சொல்லியிருக்கறாரு. பொண்ணு பேசாமப் போனாலும் போகட்டும், இவளுக்குத் தெரிய வேண்டாம்னு இருந்திருக்கறாரே தம்பி. நான் அவருக்குச் சோறு போடாம இருந்தேன்.

நீங்க இப்ப இழுத்துட்டுப் போயிட்டா எம்பொண்ணு தீபாவளிக்கு வந்துருவா. ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியப் போறதில்லை. அப்பன் பெருமைக்காரன்னு அவ மனசுல இருந்துட்டுப் போகட்டும்னு உட்டுறலாம். அவரும் அப்படித்தானே உட்டுட்டுப் போனாரு. உட்டுறலாங்களா? உங்களைக் கேட்டா நீங்க என்ன சொல்லுவீங்க, நீங்க வண்டி வாங்க வந்தவரு.

உள்ள போன் அடிக்குது. அவதான். வண்டி போச்சாம்மான்னு கேப்பா.

வேண்டாம், நீங்க தொடாதீங்க, அந்தப் போசியை நான் எடுக்கறேன். கனமாத்தான் இருக்குது. வாரா வாரம், மரத்துப் போன காலோட, இதைத் துண்டு போட்டு மூடித் தூக்கிட்டு நடந்திருக்கறாரு. அடிக்கட்டும், எடுக்கலைன்னா மறுபடி அடிப்பா. வண்டியை இன்னைக்குக் குடுக்கலைங்க தம்பி, கோவிச்சுக்காதீங்க. எம்பொண்ணு வந்து இந்தக் குழாயை அவ கண்ணால பார்க்கோணும். பார்த்ததுக்கப்புறம் அவ எங்கூடப் பேசறாளோ இல்லையோ, அது அவ இஷ்டம். மொதல்ல இதைச் செடிக்கு ஊத்திட்டு வந்தர்றேன், அப்புறம் நானே அவகிட்டச் சொல்றேன். அந்த முக்காலியைச் சித்தெ நகத்திப் போடுங்க, வழியில நிக்குது.